பார்க்கின்சனுக்கு வாக்கிங் மட்டும் போதுமா? நடுவயதில் உடற்பயிற்சியின் அளவும் நேரமும் முறையும்

கேள்வி இதுதான். வயது 52. வலது கையில் நடுக்கம், கையெழுத்து வரவரச் சிறுத்துவிட்டது, நடக்கும்போது வலது கை வீசுவதில்லை. எட்டு மாதத்துக்கு முன் இது பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிப்படுத்தினார். இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டும் லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை நாளுக்கு மூன்று வேளை போகிறது. "வாக்கிங் போங்க" என்று சொன்னதால் தினமும் அரை மணி நேரம் தெருவைச் சுற்றி வருகிறார். இது போதுமா, உடற்பயிற்சியால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா என்று கேட்கிறார். அவருடைய 47 வயதுத் தம்பி கேட்பது வேறு: அண்ணன் முன்பே உடற்பயிற்சி செய்திருந்தால் இது வராமல் இருந்திருக்குமா? நான் இப்போது ஆரம்பித்தால் தப்பிக்கலாமா?

அண்ணனுக்கு முதலில். போதாது. நடப்பது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் பேசிக்கொண்டே காலாற நடக்கும் அரை மணி நேரம் பார்க்கின்சனுக்கு மிகக் குறைந்த அளவு மருந்து. மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு இருப்பதுபோல் உடற்பயிற்சிக்கும் கணக்கு உண்டு: எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும், வாரத்தில் எத்தனை நாள், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து, எந்தத் தசைகளுக்கு. இந்தக் கணக்கைச் சொல்லாமல் "வாக்கிங் போங்க" என்று மட்டும் சொல்வது, பெயர் எழுதாமல் மாத்திரைச் சீட்டு கொடுப்பது மாதிரி.

தம்பியின் கேள்விக்குப் பெரிய அளவில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. எட்டு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் வெளியான ஒரு தொகுப்பில் 5,44,336 பேரின் விவரம் இருந்தது. அவர்களில் 2,192 பேருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வந்தது. நடுத்தரம் முதல் கடுமையான உடற்பயிற்சியை மிக அதிகமாகச் செய்தவர்களுக்கு, மிகக் குறைவாகச் செய்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 29% குறைவு. மெதுவான நடமாட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், 35–39 வயதிலும் அதற்குப் பின் நடுவயதிலும் தொடர்ந்து நன்றாக உழைத்து உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்து சுமார் 40% குறைவாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கின்சன் ஒரே நாளில் தொடங்குவதில்லை. கை நடுங்குவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகாலை உதறுவது எல்லாம் ஆரம்பித்திருக்கலாம். உடம்பும் அப்போதே கொஞ்சம் சோர்ந்திருக்கும். அப்படியானால் உடற்பயிற்சி குறைந்ததால் நோய் வந்ததா, வரப்போகும் நோயால் உடற்பயிற்சி குறைந்ததா? பிரான்ஸில் சுமார் 95,000 பெண்களை 29 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இதைக் கணக்கில் எடுத்தது. நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய உழைப்பை மட்டும் வைத்துப் பார்த்தபோதும், அதிகம் உழைத்த கால் பங்குப் பெண்களுக்கு ஆபத்து 25% குறைவாகவே இருந்தது. ஆகவே தம்பி தயங்காமல் ஆரம்பிக்கலாம். ஆனால் 25% குறைவு என்பது முழுக் காப்பு இல்லை. தினமும் ஓடியவர்களுக்கும், விளையாட்டு வீரர்களுக்கும் பார்க்கின்சன் வந்திருக்கிறது. "நான் சோம்பேறியாக இருந்ததால்தான் வந்தது" என்று அண்ணன் தன்னை நொந்துகொள்ள ஒரு காரணமும் கிடையாது. இதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருகிறது.

நோய் வந்த பிறகு என்ன பயன் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், ஏனென்றால் அளவு அவற்றில்தான் இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இன்னும் மாத்திரை தொடங்காத ஆரம்பநிலை நோயாளிகள் 128 பேர். ஒரு குழு டிரெட்மில்லில் அதிகபட்ச இதயத் துடிப்பின் 80–85% வரும்படி நடந்தது. அடுத்த குழு 60–65%. மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. ஆறு மாதம் கழித்து உடல் அசைவுகளுக்கான மதிப்பெண்ணில் (கூடினால் மோசம்) வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 கூடியது, வேகமாக நடந்தவர்களுக்கு 0.3 மட்டும், மிதமாக நடந்தவர்களுக்கு 2.0. வாரம் நான்கு நாள் செய்யச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அந்த வேகமான குழு செய்தது சராசரியாக மூன்று நாளுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே வாரத்தில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

மற்றது நெதர்லாந்தில் 130 பேரிடம் நடந்து 2019-இல் வெளியானது. இவர்கள் வீட்டிலேயே எக்சர்சைஸ் சைக்கிள் மிதித்தார்கள், வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம். மற்றொரு குழு கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஆறு மாத முடிவில், மாத்திரையின் வேலை தீர்ந்த நிலையில் சோதித்தபோது, இரு குழுவுக்கும் வித்தியாசம் 4.2 மதிப்பெண், சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சாதகமாக. மருத்துவமனைக்குப் போகாமல், வீட்டுக்குள் ஒரு சைக்கிளை வைத்துக் கிடைத்த பலன் இது. நோயை இது நிறுத்திவிட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அறிகுறிகள் கூடும் வேகம் குறைகிறது, உடம்பு மிச்சமிருக்கும் டோபமைனை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்று சொல்லலாம். மாத்திரைக்குப் பதிலாக உடற்பயிற்சி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரை வேலை செய்தால்தான் உடற்பயிற்சியே சரியாகச் செய்ய முடியும்.

இனி கணக்கு. அதிகபட்ச இதயத் துடிப்பைத் தோராயமாகக் காண 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்க வேண்டும். 52 வயதுக்கு 172. அதில் 60–65% என்றால் நிமிடத்துக்கு 103–112. 80–85% என்றால் 138–146. ஆனால் பார்க்கின்சனில் இதயத் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் நரம்புகளும் சிலருக்குப் பாதிக்கப்படுகின்றன; எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. நடுக்கத்துக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிட்டாலும் இதே நிலைதான். அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறிப் போய்விடுவார்கள். பேச்சை வைத்துப் பார்ப்பது இவர்களுக்குப் பாதுகாப்பு: முழு வாக்கியம் தடையில்லாமல் வருகிறதென்றால் அது லேசான நடை, வாக்கியத்தின் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் மிதம், மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அதுதான் கடுமை.

நாளைக்கே 140-க்குத் தாவக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நெஞ்சுவலி, குடும்பத்தில் மாரடைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் இதய மருத்துவரைப் பார்த்து ஈசிஜியும், அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும் இதயம் தாங்கும் என்று சோதித்த பிறகுதான் சேர்த்தார்கள். பிறகு முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிடம், மிதமான வேகம். அடுத்த இரண்டு வாரம் 30 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து நடுநடுவே வேகம் கூட்டலாம்: ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேகமாக, இரண்டு நிமிடம் சாதாரணமாக, இப்படி ஆறு முறை. எட்டாம் வாரத்துக்குள் வேகமான பகுதி இரண்டு நிமிடமாகட்டும். முன்னால் 5 நிமிடமும் பின்னால் 5 நிமிடமும் மெதுவான அசைவு கட்டாயம். திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

எதில் செய்வது? நடை பிடித்தவர் நடக்கலாம், ஆனால் வேக நடைக்கு நம்மூர்த் தெரு ஏற்ற இடமில்லை. உடைந்த நடைபாதை, குறுக்கே வரும் பைக், நாய், பாதாளச் சாக்கடை மூடி. பார்க்கின்சன் உள்ளவருக்கு நடையே இப்போது ஒரு கவனவேலை. அதோடு இத்தனையையும் பார்த்துக்கொண்டு வேகமாக நடக்கச் சொல்வது விழச் சொல்வதுதான். பள்ளி, கல்லூரி மைதானம் அல்லது பூங்காவின் நடைத்தடம் நல்லது. மொட்டை மாடி குறுகலானால் அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும், வேகம் வராது. எனக்கு விருப்பம் நிலையான எக்சர்சைஸ் சைக்கிள். விழ முடியாது, மழை வெயில் பாராது, சுமையைக் கூட்டிக்கொள்ளலாம். இன்னொரு வியப்பும் உண்டு: நடக்க முயன்றால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிற நோயாளிகள் சிலரால் சைக்கிள் சரளமாக ஓட்ட முடிகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் 58 வயது ஒருவரை இப்படி வீடியோ எடுத்து 2010-இல் வெளியிட்டார்கள். பெடல் காலுக்கு ஒழுங்கான தாளத்தைக் கொடுப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெடலில் கால் வழுக்காதபடி பட்டை இருக்கட்டும். இருக்கையில் உட்கார்ந்து பெடல் கீழே வரும்போது முழங்கால் கொஞ்சம் மட்டும் மடங்கியிருக்கும் உயரத்தில் வையுங்கள். டிரெட்மில் என்றால் அவசர நிறுத்தக் கயிற்றைச் சட்டையில் மாட்டாமல் ஏறக் கூடாது.

நேரம் மிக முக்கியம், இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து, மாத்திரை போடாமல், "வந்து போட்டுக்கலாம்" என்று கிளம்புவார்கள். முந்தைய இரவு போட்ட மாத்திரை அப்போது தீர்ந்திருக்கும். உடம்பு விறைத்து, அடி குறுகி, இருபது நிமிடத்தில் களைத்து, "எனக்கு உடற்பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார்கள். 6 மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் மாத்திரை, 6:45-க்கு உடற்பயிற்சி, 7:45-க்கு இட்லி. இந்த வரிசை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் குறைந்தது அரை மணி இடைவெளி வேண்டும், ஏனென்றால் லெவோடோபாவும் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஒரே வாசலைப் பயன்படுத்துகின்றன. பாலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டால், சுண்டலோடு சாப்பிட்டால், அந்த வேளை மாத்திரை பாதி வேலைதான் செய்யும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு உப்பு பிஸ்கட் போதும். பூனைக்காலி விதைப் பொடியைச் சிலர் நாட்டு மருந்தாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதிலும் இயற்கையான லெவோடோபாதான் இருக்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் அதைச் சேர்ப்பது மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்குச் சமம். குமட்டல், அழுத்தம் இறங்குவது, தானாக உடம்பு நெளிவது எல்லாம் அதனால் வரலாம்.

ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறை படுத்த நிலையிலும், எழுந்து நின்று 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேலோ கீழ் எண் 10-க்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தத்துக்கான மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் கூடும். பார்க்கின்சனில் வியர்வைக் கட்டுப்பாடும் குழம்புவதால், கோடையில் காலை 8 மணிக்குப் பிறகு வெளியே கடுமையாகச் செய்ய வேண்டாம்.

இப்போது இந்த நோயின் மையத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் எந்தப் பயிற்சியையும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதுதான் பார்க்கின்சன். டோபமைன் குறையும்போது மூளை அசைவின் அளவைத் தப்பாகப் போடுகிறது. கையை ஒரு முழம் நீட்ட நினைத்தால் அரை முழம்தான் நீளும், ஆனால் ஒரு முழம் நீட்டியதுபோலவே அவருக்குத் தோன்றும். எழுத்து சிறுப்பதும், அடி குறுகுவதும், குரல் இறங்குவதும், முகம் அசையாமல் இருப்பதும் இந்த ஒரே கோளாறின் பல முகங்கள். "சத்தமா பேசுங்க" என்று மனைவி சொன்னால், "சத்தமாத்தான் பேசறேன்" என்று அவர் கோபப்படுவது பிடிவாதத்தால் இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது சத்தமாகத்தான் கேட்கிறது.

ஆகவே இவருடைய பயிற்சி அசைவுகள் அவருக்கே "இது ரொம்ப அதிகம்" என்று கூச்சமாகத் தோன்றும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். கைப்பிடி உள்ள நாற்காலியின் முன்விளிம்பில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் இடுப்பகலம். இரு கையையும் தரையைத் தொடுவதுபோல் கீழே கொண்டுபோய், அங்கிருந்து முழு வீச்சில் இரு பக்கமும் விரித்து நெஞ்சைத் திறங்கள். விரல்கள் ஒவ்வொன்றும் விசிறி மாதிரி அகலட்டும், கட்டைவிரல் மேலே. பத்து எண்ணும் வரை அங்கேயே பிடியுங்கள், எண்ணுவது அடுத்த அறைக்குக் கேட்கட்டும். எட்டு முறை. கண்ணாடி முன் செய்தால் வலது கை இடதைவிட எத்தனை விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியும். "பெரிதாக" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் கை அந்த இடத்துக்குப் போய்விடும். ஐந்து விஷயங்களை ஒரே நேரத்தில் சொல்லித் திருத்தாதீர்கள். நேராக நில்லு, கையை வீசு, குதிகால் முதலில் வை என்று அடுக்கினால் எல்லாமே குலையும். நடையிலும் "பெரிய அடி" என்ற ஒரு குறிப்பு போதும். அடி பெரிதானால் கைவீச்சும் நிமிர்வும் கூடவே வரும்.

இந்த முறையிலேயே குரலுக்கு ஒரு தனித் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் லீ சில்வர்மேன் என்ற பெண் நோயாளியின் பெயரில் உருவானது. வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பயிற்சி பெற்ற பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் தினமும் 10 நிமிடம்: மூச்சை நன்றாக இழுத்து "ஆ" என்று தொண்டையை இறுக்காமல் முடிந்த மட்டும் நீளமாக, உரக்க, பத்து முறை. பிறகு நாளிதழில் ஒரு செய்தியை ஹாலின் அந்தக் கோடியில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி வாசிக்க வேண்டும். கையெழுத்துக்கு நான்கு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் நல்ல துணை. கோடு கண்ணுக்கு அளவு காட்டும்.

தசை வலுவுக்கான பயிற்சி வாரம் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இங்கே ஜிம் பயிற்சியாளர்களால் பெரிய தவறு நேர்கிறது. முன்கை மடக்குவது, நெஞ்சுக்கான பயிற்சி, வயிற்றுக்கு மடங்கி எழுவது எல்லாம் உடம்பை முன்னால் மடக்கும் தசைகளுக்கானவை. பார்க்கின்சன் ஏற்கெனவே உடம்பை முன்னால் கூனவைக்கிறது. இவருக்கு வேண்டியது நிமிர்த்தும் தசைகள்: முதுகு, புட்டம், தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், தோள்பட்டைகளைப் பின்னால் இழுக்கும் தசைகள். ரப்பர் பேண்டைக் கதவுப்பிடியில் மாட்டி முழங்கையைப் பின்னால் இழுப்பது 12 முறை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, எழும்போது வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 15 முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 முறை. சுவரில் குதிகால், புட்டம், முதுகு, தலை நான்கும் படும்படி நின்று கையைச் சுவரோடு மேலே நகர்த்துவது 10 முறை. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. 15 முறை சுலபமாக வந்துவிட்டால் சுமை கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பேண்டின் தடிமனைக் கூட்டுங்கள் அல்லது கையில் 2 கிலோ டம்பெல் வைத்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள். மாதக்கணக்கில் ஒரே பேண்டையே இழுத்துக்கொண்டிருந்தால் வலு கூடாது. மூச்சை அடக்காமல் தூக்கும்போது வெளியே விடுங்கள். எந்தப் பக்கம் அதிகம் பாதித்திருக்கிறதோ அந்தத் தோள் இறுகிப் போவது இந்த நோயில் சகஜம். பலருக்கு நடுக்கத்துக்கு முன்பே தோள்வலிதான் வந்திருக்கும். அந்தத் தோளைத் தினமும் முழு வட்டத்துக்கு அசைத்தே ஆக வேண்டும்.

யோகா பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நெகிழ்வுக்கும் மூச்சுக்கும் மன அமைதிக்கும் நல்லது. ஆனால் இதயத்தை உழைக்கவைக்கும் பங்கை மெதுவான யோகா நிரப்பாது, இரண்டும் வேண்டும். முன்னால் மடங்கும் ஆசனங்களைக் குறைத்து புஜங்காசனம், தாடாசனம் போன்ற நிமிர்த்தும் ஆசனங்களைக் கூட்டுங்கள். குனிந்த நிலையிலிருந்து சடாரென எழாதீர்கள். சிரசாசனம் வேண்டாம்.

சமநிலைப் பயிற்சியை எட்டாவது மாதத்திலேயே தொடங்கச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். இந்தக் கட்டத்தில் சமநிலை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து மாத்திரைக்கு மிகக் குறைவாகக் கட்டுப்படும் அறிகுறி இதுதான். நடுக்கம் மாத்திரையால் குறையும், விறைப்பு நன்றாகக் குறையும், தடுமாற்றம் அவ்வளவாகக் குறையாது. அமெரிக்காவின் ஓரிகனில் 195 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் தாய்ச்சி என்ற சீன அசைவுப் பயிற்சியை 24 வாரம் செய்தவர்கள், நீட்டிமடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். தாய்ச்சியின் சாரம் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக, முழுமையாக மாற்றுவது. அதை வீட்டிலும் செய்யலாம்: சமையல் மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்று முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று ஒரு பெரிய அடி வைத்து, எடை முழுவதையும் அந்தக் காலில் ஏற்றி, திரும்பி வருவது. பக்கத்துக்குப் பத்து. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து 30 விநாடி நிற்பது அடுத்த படி. பின்னால் அடி வைக்கும் பயிற்சியை மட்டும் யாராவது அருகில் இருக்கும்போது செய்யுங்கள்.

விழுவது பெரும்பாலும் நேர் நடையில் நேர்வதில்லை. திரும்பும்போதும், கையில் பொருளோடு போகும்போதும், போன் பேசிக்கொண்டே நடக்கும்போதும்தான். நின்ற இடத்தில் சுழலாமல் அகலமான வளைவில் நடந்து திரும்பப் பழகுங்கள். போன் அடித்தால் நின்று பேசுங்கள். ரப்பர் செருப்பு காலை விட்டுக் கழன்று தட்டிவிடும். பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ வேண்டும். அடி மிகவும் ஒட்டும் தடித்த ரப்பர் ஷூவும் சரியில்லை, உரசிக்கொண்டு போகும் கால் அதில் மாட்டும்.

வருங்காலத்தில் வாசற்படியிலோ லிப்ட் முன்னாலோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மேலுடல் முன்னால் போகும், கால் நிற்கும், விழுவார். நில்லுங்கள், நிமிருங்கள், எடையை இடவலமாக இரண்டு முறை ஆட்டுங்கள், பிறகு தரையில் ஒரு கோட்டைத் தாண்டுவதுபோல் அடி வையுங்கள். டைல்ஸ் இணைப்புக் கோடே போதும். அது இல்லாத இடத்தில் நிற நாடாவை அடிக்கு அடி ஒட்டிவைக்கலாம். மூளை தானாகப் போட வேண்டிய அளவு வெளியிலிருந்து கண் வழியாக வந்தால் கால் கேட்கும். சிலருக்குக் காது வழியாக, தாளம் தட்டினாலும் நடை வந்துவிடும்.

வாழ்க்கைத் தரம் என்று மருத்துவர்கள் அளக்கும்போது 39 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். எட்டுப் பகுதிகள், அவற்றில் நடமாட்டமும் அன்றாட வேலையும் இரண்டுதான். மற்றவை மனநிலை, பிறர் முன் கூச்சம், சுற்றத்தின் துணை, யோசனைத் திறன், பேச்சுத்தொடர்பு, உடல்வலி. பலருக்கு நடுக்கத்தைவிட மனச்சோர்வும் தூக்கக் கேடும்தான் அன்றாட வாழ்க்கையை அதிகம் கெடுக்கின்றன. 52 வயதில் வேலையும், பிள்ளைகள் படிப்பும், கடனும் இருக்கும்போது கை நடுங்குவதை அலுவலகத்தில் மறைத்து வாழ்வது பெரும் பாரம். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது, மலச்சிக்கலைக் குறைக்க உதவுகிறது, இரவுத் தூக்கத்தை ஆழமாக்குகிறது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு. டோபமைன் குறைவே மனதின் உந்துதலையும் குறைக்கிறது. "மனசு வந்தா செய்யறேன்" என்றால் மனசு வரவே வராது. அது நோயின் அறிகுறி, குணக்கேடு இல்லை. ஆகவே மனநிலையைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டுச் செய்யுங்கள்: குறித்த நாள், குறித்த மணி, கூட ஓர் ஆள். தம்பியும் சேர்ந்து மிதிக்கட்டும், அவருடைய கேள்விக்கும் அதுதான் பதில்.

தொடர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது நல்ல சான்று. ஆரம்பநிலை நோயாளிகள் 237 பேரின் பல ஆண்டு விவரத்தைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எவ்வளவு செய்தார்கள் என்பதைவிட, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்களா என்பதே நோயின் போக்கோடு பொருந்தியது. தொடர்ந்து மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நடையும் நிலைப்பும் மெதுவாகக் கெட்டன. வீட்டு வேலைகளைத் தொடர்ந்தவர்களுக்கு அன்றாடச் செயல்திறன் மெதுவாகக் கெட்டது. "நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று காய் நறுக்குவதையும் துணி மடிப்பதையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் அன்பை வீட்டார் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கூட ஆகட்டும், சட்டைப் பொத்தானை அவரே போடட்டும்.

முன்னேற்றத்தை அளக்க வீட்டில் ஓர் எளிய சோதனை: கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி? மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், அதே நாற்காலியில், மாதம் ஒருமுறை. 16 விநாடிக்கு மேல் போனால் விழும் அபாயம் கூடுகிறது என்று பொருள். எடையையும் குறித்துவையுங்கள், பார்க்கின்சனில் பலருக்குத் தானாகவே எடை இறங்கும், உடற்பயிற்சி கூட்டியபின் சாப்பாடு கூடாவிட்டால் தசைதான் கரையும். புரதத்தைக் குறைக்க வேண்டாம், மாத்திரை நேரத்திலிருந்து தள்ளிவைத்தால் போதும்.

நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டுவது, நின்றபின்னும் பத்து நிமிடத்துக்கு அடங்காத படபடப்பு என்றால் அன்றைய பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நோய் தெரிந்த முதல் ஆண்டிலேயே அடிக்கடி விழுவது, அதிலும் பின்பக்கமாக விழுவது, சாதாரணப் பார்க்கின்சனில் எதிர்பார்ப்பது இல்லை. அதே மாதிரி தோன்றும் வேறு நோயாக இருக்கலாம், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். மற்றபடி ஒரு சிறு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மாத்திரை போட்ட மணி, உடற்பயிற்சி ஆரம்பித்த மணி, எவ்வளவு நேரம், நடுவில் உடம்பு விறைத்ததா. இரண்டு மாதக் குறிப்பை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால், எந்த வேளை மாத்திரை சீக்கிரம் தீர்கிறது என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரியும். நேரத்தையும் அளவையும் அதை வைத்து மாற்றித் தருவார்.